தொட்டி நிரம்பியும் நிற்காத மோட்டார்: வீட்டில் செய்த தானியங்கிச் சுற்று ஒன்றின் பழுது ஆய்வு

சித்திரைப் பௌர்ணமி அன்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியுமுன்பே வீட்டைப் பூட்டிவிட்டு வைகைக் கரைக்குப் போயிருந்தோம். வெயிலேறித் திருநகருக்குத் திரும்பியபோது மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதற்குக் கணக்கில்லை. கோடையில் போர் (ஆழ்துளைக் கிணறு) நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும் ஊரில், தெருவே வேடிக்கை பார்க்க, நான் என் கையால் செய்து மாட்டிய 'தானியங்கி' நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவிதான் அந்தத் தண்ணீரை வீணாக்கியிருந்தது. அந்தப் பழுதை எப்படித் தேடினேன், எங்கெல்லாம் வழி தவறினேன், கடைசியில் எதைக் கண்டேன் என்பதை வரிசையாக எழுதிவைப்பது இதே சுற்றைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படலாம்.

கருவியின் அமைப்பு

மொட்டைமாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி உள்ளது. அதை நிரப்புவது போர்த் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே பயன்படும் உப்புத் தண்ணீர். ஒரு குதிரைத்திறன் மோட்டார் தொட்டியை நிரப்ப ஏறத்தாழ 40 நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

கட்டுப்பாட்டுக்குப் பலரும் செய்யும் 555 ஐசி (பல மின்னணு உறுப்புகளை ஒரே சில்லில் அடக்கிய பாகம்) சுற்றையே நானும் எடுத்துக்கொண்டேன். ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தச் சிறிய ஐசியைப் பெரும்பாலும் நேரங்காட்டியாகவே பயன்படுத்துவார்கள் என்றாலும், அதன் உள்ளே இருக்கும் இரண்டு ஒப்பீட்டுச் சுற்றுகளும் ஒரு நினைவகமும் தண்ணீர்த் தொட்டிக்காகவே அமைந்தவை போல இருக்கும். ஐசியின் இரண்டாவது காலில் (இணைப்பு முனையில்) உள்ள மின்னழுத்தம் வழங்கு மின்னழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் வெளியீடு உயர்ந்து ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும். ஆறாவது காலில் அது மூன்றில் இரு பங்கைத் தாண்டினால் வெளியீடு தாழ்ந்து ரிலே விடும். இரண்டும் நடக்காதவரை முந்தைய நிலையே நீடிக்கும். எனவே பொது மின்முனை ஒன்றைத் தொட்டியின் அடிவரை இறக்கி அதில் 12 வோல்ட் நேர்மின் கொடுத்து, கீழ்மட்ட முனையை இரண்டாவது காலுக்கும் மேல்மட்ட முனையை ஆறாவது காலுக்கும் இணைத்து, அந்த இரண்டு கால்களையும் தனித்தனி மின்தடை வழியாகத் தரைக்குக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. தண்ணீர் கீழ்முனையை விட்டு இறங்கினால் மோட்டார் ஓடத் தொடங்கும், மேல்முனையைத் தொட்டால் நிற்கும். ரிலே நேரடியாக மோட்டாரை இயக்கவில்லை. மோட்டாரைத் தாங்கும் பெரிய ரிலேயான கான்டாக்டர் ஒன்றின் சுருளை மட்டும் இயக்கியது.

மின்முனைகளாக நான் பயன்படுத்தியது வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. நுனியில் 10 சென்டிமீட்டர் உறையை உரித்துத் தொட்டிக்குள் தொங்கவிட்டிருந்தேன். தை மாதத் தொடக்கத்தில் கருவி ஓடத் தொடங்கியது.

முதல் கோளாறும் அவசர வைத்தியமும்

இரண்டாவது வாரத்திலேயே ஒரு சிக்கல் தலைகாட்டியது. தொட்டி பாதி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும். பகலில் இது அரிது. மின்னழுத்தம் சற்று ஏறியிருக்கும் பின்னிரவில்தான் அதிகம். மாடிக்குப் போகும் மின்முனைக் கம்பிகளை, சோம்பலினால், மோட்டார் கம்பி போகும் அதே பிளாஸ்டிக் குழாய்க்குள் 15 மீட்டர் தூரம் இழுத்திருந்தேன். மோட்டார் ஓடும்போது அதன் 230 வோல்ட் கம்பியிலிருந்து பக்கத்துக் கம்பிக்கு மின்தேக்கு விளைவால் ஏதோ தொற்றுகிறது என்பதை அப்போதே ஊகித்தேன். ஆறாவது காலைத் தரைக்குக் கட்டியிருந்த 100 கிலோஓம் மின்தடையைக் கழற்றி 10 கிலோஓம் வைத்தேன். பாகுபாடு பார்க்காமல் இரண்டாவது காலிலும் அதையே செய்தேன். கோளாறு அன்றோடு நின்றது. நானும் வெற்றிக் களிப்பில் பெட்டியை மூடிவிட்டேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஊகம் சரிதான். ஒட்டிப் போகும் இரண்டு கம்பிகளுக்கு இடையே மீட்டருக்கு 50 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 15 மீட்டருக்கு 750 பிக்கோஃபாரட் ஆகிறது; 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னுக்கு அதன் மறிப்பு (தடை) ஏறத்தாழ 4.2 மெகாஓம். தண்ணீர் தொடாமல் தொங்கும் மேல்முனைக் கம்பியில், மிக மோசமான நிலையில், 100 கிலோஓமுக்குக் குறுக்கே 5.4 வோல்ட் மாறுமின் தோன்றலாம். அதன் உச்சம் 7.7 வோல்ட். 12 வோல்ட்டில் மூன்றில் இரு பங்கு 8 வோல்ட். தொட்டும் தொடாமலும் நிற்கும் இந்த அளவை மின்வாரிய மின்னழுத்தத்தில் ஏற்படும் சிறிய உயர்வே தாண்டவைத்துவிடும் என்பதால், பின்னிரவில் மட்டும் நேர்ந்ததில் வியப்பில்லை. கம்பிகளைத் தனிக் குழாயில் பிரித்துப் போட்டிருக்க வேண்டும்; அல்லது ஆறாவது காலுக்கும் தரைக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்திருந்தாலே 100 கிலோஓமை மாற்றாமல் அந்த மின் இரைச்சலை ஒரு வோல்ட்டின் கால் பங்குக்கும் கீழே அடக்கியிருக்கலாம். இரண்டு ரூபாய்ப் பொருள் அது. அதைச் செய்யாமல் மின்தடையைக் குறைத்ததன் விலையை இரண்டரை மாதம் கழித்துக் கொடுத்தேன்.

தவறான இடத்தில் தேடிய பத்து நாள்

திருவிழா நாளுக்கு முன்பே அறிகுறி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து நாள்களுக்கு முன்னால் ஒருமுறை தொட்டி வழிந்தது. மின்னிணைப்பை அணைத்துத் திரும்பப் போட்டதும் மோட்டார் நின்றே இருந்ததால், ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று முடிவு கட்டிப் புதிய ரிலே வைத்தேன். மூன்றாம் நாள் மறுபடி வழிந்தது. ஐசியை மாற்றினேன். போர்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து, முதலைக் கவ்வி மாட்டிய கம்பிகளால் முனைகளைத் தொட்டும் எடுத்தும் இருபது முறைக்கு மேல் சோதித்தேன்; ஒருமுறைகூடத் தவறவில்லை. திரும்ப மாட்டியதும் இரண்டு நாள் சரியாக ஓடியதால் ஐசிதான் குற்றவாளி என்று நம்பிக்கொண்டேன்.

இங்கே மூன்று பொய்ச் சான்றுகள் சேர்ந்து என்னை ஏமாற்றின. அணைத்துப் போட்டால் சரியாவது பழுது நீங்கியதற்கு அடையாளமே இல்லை. மின்சாரம் வந்த கணத்தில் 555இன் நினைவகம் எந்த நிலையில் விழிக்கும் என்பதற்கு உறுதி கிடையாது, என் ஐசி 'நிறுத்து' நிலையில் விழித்தது, அவ்வளவுதான். மேசைச் சோதனையில் நான் தண்ணீருக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை வைத்திருந்தேன். தண்ணீரின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம், கம்பிக்கோ சுழி. சுற்றின் பலவீனம் எங்கே இருந்ததோ அந்த இடத்தை நீக்கிவிட்டுத்தான் சோதித்திருக்கிறேன். மூன்றாவது, போர்டைக் கழற்றி மாட்டும்போது மாடியில் கம்பிக் கற்றையை இழுத்து அசைத்ததால் தொட்டிக்குள் இருந்த முனை சற்று நகர்ந்து தற்காலிகமாகத் தொடர்பு கொடுத்தது. பாகத்தை மாற்றியதும் சரியானது என்றால் அந்தப் பாகம்தான் கெட்டிருந்தது என்று நினைப்பது சுற்றுகள் செய்யும் நம்மைப் போன்ற எல்லோருக்கும் உள்ள பழக்கம். நல்ல பாகங்களைத் தூக்கி எறிய அது ஒன்றே போதும்.

திருவிழாவுக்கு மறுநாள், டவுன்ஹால் ரோடு பக்கம் உதிரிபாகம் வாங்கப் போன கடையில், பழைய ரேடியோக்களைப் பழுது பார்த்தே முடி நரைத்த பெரியவர் ஒருவரிடம் கதையைச் சொன்னேன். போர்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, பெட்டிக்குள்ள தேடுறீகளே, தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டார்.

அளந்து பார்த்தபோது

மாடிக்குப் போகும் முன்பே ஒரு அளவை எடுத்தேன். இம்முறை கருவியைக் கழற்றாமல், ஓடும் நிலையிலேயே. தொட்டி விளிம்புவரை நிரம்பி நிற்க, மல்டிமீட்டரை நேர்மின் அளவையில் வைத்து ஆறாவது காலைத் தொட்டேன். 8 வோல்ட்டைத் தாண்டியிருக்க வேண்டிய இடத்தில் 7.1 வோல்ட் இருந்தது. இரண்டாவது காலில் 7.4 வோல்ட், அங்கே 4 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே போதும் என்பதால் அந்தக் கால் திருப்தியாக இருந்தது. ஆறாவது காலின் அளவைத் திருப்பிக் கணக்கிட்டால் பொது முனைக்கும் மேல்முனைக்கும் இடையே ஏறத்தாழ 6.9 கிலோஓம் வருகிறது. 10 கிலோஓம் மின்தடையோடு இந்தச் சுற்று 'நிரம்பியது' என்று உணர வேண்டுமானால் தண்ணீர்ப் பாதை 5 கிலோஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். 'காலியாகிவிடவில்லை' என்று உணரவோ 20 கிலோஓம்வரை போதும். தொடர்பு மெல்ல மெல்லக் கெடும்போது தொட்டி நிரம்பியதை அறியும் திறன்தான் முதலில் போகும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. வழிந்தோடியதற்கு இதுவே நேரடிக் காரணம்.

ஓம் அளவையில் மீட்டரை வைத்து முனைகளை நேரடியாக அளக்க முயன்றதையும் சொல்லிவிடுகிறேன்: எண் நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டே போனது. மீட்டர் அனுப்பும் நேர்மின்னோட்டமே முனைகளில் மின்முனைவாக்கத்தை (முனைப் பரப்பில் எதிர் மின்னழுத்தம் சேர்வதை) உண்டாக்குவதால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. ஓடும் சுற்றில் மின்னழுத்தத்தை அளப்பதே இந்த வேலைக்கு ஏற்றது.

பிறகு கம்பிகளை வெளியே இழுத்தேன். கீழ்முனையும் மேல்முனையும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தன. பொது முனையில் உரித்துவிட்ட 10 சென்டிமீட்டர் செம்பு இல்லை. உறைக்குள் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், பச்சை படிந்த ஊசிமுனை போல் ஒரு மிச்சம் மட்டும் தெரிந்தது.

செம்பு எங்கே போனது

கீழ்முனை எப்போதும் தண்ணீருக்குள்தான் இருக்கும். 12 வோல்ட், 10 கிலோஓம், தண்ணீரின் ஏறத்தாழ 1.5 கிலோஓம், ஆகவே இரவும் பகலும் ஒரு மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மில்லிஆம்பியர்தானே என்று நினைப்போம். ஓர் ஆண்டுக்கு அது ஏறத்தாழ 31,500 கூலும். ஃபாரடே மின்னாற்பகுப்பு விதிப்படி, 96,485 கூலும் மின்னூட்டத்துக்குச் செம்பின் அணுநிறையில் பாதி, அதாவது 31.8 கிராம், நேர்முனையிலிருந்து கரையும். எனவே ஆண்டுக்கு 10 கிராமுக்குச் சற்று மேல். என் கம்பியில் உரித்த பகுதியின் எடையோ 2.24 கிராம். வகுத்துப் பார்த்தால் 79 நாள் வருகிறது. மாசித் தொடக்கத்தில் 10 கிலோஓம் வைத்ததிலிருந்து சித்திரைப் பௌர்ணமிவரை எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய அதே எண்ணிக்கை. செல்லும் மின்னூட்டம் முழுவதும் செம்பைக் கரைப்பதிலேயே செலவாகும் என்று சொல்ல முடியாது, தொட்டி நிரம்பியிருக்கும்போது மேல்முனைக்கும் கொஞ்சம் போகும், ஆகவே இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதில் தற்செயலும் உண்டு. ஆனாலும் குற்றவாளியின் கால்தடம் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது.

எதிர்முனைகளில் படிந்த வெள்ளைக்கும் இதே மின்னோட்டம்தான் காரணம். அங்கே ஹைட்ரஜன் வெளியேறும்போது முனையை ஒட்டிய தண்ணீர் காரத்தன்மை அடைகிறது. கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் அந்த இடத்தில் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை எல்லையாகவும் வைத்திருக்கிறது. வாளியில் வெள்ளை வளையம் விடும் எங்கள் போர்த் தண்ணீர் போன்றதில் படிவு விரைவாகவே வரும். இடையே ஒரு கவலை எழுந்தது: கரைந்த செம்பு குளிக்கும் தண்ணீரில்தானே போயிருக்கிறது? நாளுக்கு ஏறத்தாழ 28 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை நிரம்பும் 1000 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே தரநிலை செம்புக்கு வைத்திருக்கும் 0.05 மில்லிகிராம் அளவுக்குள்தான் அது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஈயம் கலந்த சால்டரைத் தண்ணீருக்குள் மூழ்கும் இணைப்பில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

100 கிலோஓமையே விட்டிருந்தால் இது நடந்திருக்காதா என்றால், நடந்திருக்கும். கம்பி கரைய ஒன்றே முக்கால் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். என் அவசர வைத்தியம் பழுதை உண்டாக்கவில்லை, அதன் நாளை முன்னுக்கு இழுத்தது. உண்மையான பிழை இன்னும் அடியில் இருந்தது: இந்தச் சுற்று 'கம்பியில் தொடர்பு இல்லை' என்பதையும் 'தொட்டியில் தண்ணீர் இல்லை' என்பதையும் ஒன்றாகவே புரிந்துகொள்கிறது. பொது முனை கரைந்தாலும், வெயிலில் உறை வெடித்துக் கம்பி அறுந்தாலும், இணைப்புத் திருகு தளர்ந்தாலும் இரண்டாவது கால் தரைக்கு இறங்கும், மோட்டார் ஓடும், யாராவது வந்து அணைக்கும்வரை நிற்காது. திருவிழாவன்றும் யாராவது வந்து அணைக்கும்வரை மோட்டார் நிற்காத அந்த நிலைதான் வந்தது. எந்தப் பாகமும் கெடவில்லை. கெட்டால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை வடிவமைக்கும்போது நான் யோசிக்கவே இல்லை.

மாற்றி அமைத்தது

வீட்டுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் மிதவைச் சுவிட்ச் ஒன்றை வாங்கித் தொங்கவிடுவதே புத்திசாலித்தனம். தண்ணீருக்குள் மின்னோட்டமே போகாது, கரைவதற்கும் ஒன்றுமில்லை. கேட்பவர்களுக்கு நான் அதையே சொல்கிறேன். எனக்கு மட்டும் மின்முனைகளை விட மனம் வரவில்லை.

செம்புக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் வந்தன. முனைகளில் மின்சாரம் இடைவிடாமல் இருப்பதை நிறுத்தினேன்: நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகையான அர்டுயினோ நானோ ஒன்று ஐந்து வினாடிக்கு ஒருமுறை மட்டும், 2 மில்லிவினாடி ஒரு திசையிலும் அதே அளவு எதிர்த்திசையிலும், 5 வோல்ட் கொடுத்து அளக்கிறது. திசை மாற்றாமல் விட்டால்கூடச் சராசரி மின்னோட்டம் பழையதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். திசை மாறுவதால் ஒரு துடிப்பு கரைத்ததை மற்றது பெரும்பாலும் ஈடுசெய்கிறது. இந்த அளவீட்டை 10 மில்லிவினாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி காண்கிறேன். 50 ஹெர்ட்ஸ் அலையில் அது சரியாக அரைச் சுற்று என்பதால் மோட்டார் கம்பியிலிருந்து தொற்றும் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. கம்பிகளையும் கடைசியில் தனிக் குழாய்க்கு மாற்றினேன், முதல் நாளே செய்திருக்க வேண்டியதை.

முக்கியமான மாற்றம் நான்காவது முனை. தொட்டியின் வெளியேற்றுக் குழாய் அடியிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், எவ்வளவு காலியானாலும் அதற்குக் கீழே தண்ணீர் தேங்கியே இருக்கும். அந்தத் தேக்கத்துக்குள் ஒரு முனையை இறக்கிவிட்டேன். பொது முனைக்கும் இதற்கும் இடையே தொடர்பு எப்போதும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கம்பியில்தான் கோளாறு என்று பொருள், மோட்டார் நிற்கும், பஸ்ஸர் ஒலிக்கும். மேல்முனைக் கம்பி மட்டும் அறுந்தால் இந்தச் சோதனைக்கு அது தெரியாது. எனவே எது எப்படியிருந்தாலும் தொடர்ச்சியாக 60 நிமிடம் ஓடிவிட்டால் நிறுத்திவிடும்படி நிரலில் எழுதினேன். போரில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடும் நாளிலும் இது ஓரளவு காப்பாற்றும் என்றாலும், ஒரு மணிநேரம் வறண்டு ஓடுவதே நீர்மூழ்கி மோட்டாருக்குக் கேடு. அதற்கு மின்னோட்டத்தைப் பார்த்து நிறுத்தும் தனிக் காப்பு வேண்டும், அதை இன்னும் செய்யவில்லை.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், மின்தேக்கி வழியாகவே 230 வோல்ட்டைக் குறைத்து ஓடும் மலிவான மின்வழங்கியை இந்தச் சுற்றுக்குச் சிலர் வைக்கிறார்கள். அதில் மின்வாரியக் கம்பிக்கும் தொட்டித் தண்ணீருக்கும் நடுவே எந்தப் பிரிவும் கிடையாது. குழாயைத் திறந்து குளிப்பவரின் உயிர், மின்வாரியத்தின் இரண்டு கம்பிகளில் எது எந்தப் பக்கம் இணைந்திருக்கிறது என்பதை நம்பி இருக்கும். இரண்டு சுருள்களும் தனித்தனியாக இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது முறையாகப் பிரிக்கப்பட்ட அடாப்டர், அதற்கு முன்னால் 30 மில்லிஆம்பியர் கசிவுக் காப்பு சுவிட்ச், இவை இல்லாமல் தண்ணீருக்குள் எந்தக் கம்பியையும் இறக்கக் கூடாது.

புதிய அமைப்பு எட்டு மாதமாக ஓடுகிறது. கம்பிகளை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்தேன். மெல்லிய படிவு மட்டும் இருந்தது, எலுமிச்சம்பழத்தால் தேய்த்ததும் போய்விட்டது. இடையில் ஒருநாள் விடியற்காலையில் பஸ்ஸர் அலறியது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் பொது முனைக் கம்பியை அணில் கடித்துத் துண்டாக்கியிருந்தது. பழைய சுற்றாக இருந்தால் தெரு நனைந்திருக்கும். இம்முறை தொட்டிதான் காலி. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்ப வேண்டிய வேளையில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் வீட்டில் எழுந்த குரலுக்கு, கருவி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்ற என் விளக்கம் எடுபடவில்லை. அந்த வார இறுதியிலேயே, கட்டுப்பாட்டைச் சுற்றிப்போய் மோட்டாரைக் கையால் ஓட்ட ஒரு சுவிட்சும், அது போடப்பட்டிருக்கும்வரை எரியும் சிவப்பு விளக்கும் சேர்த்தேன்.